வாடகைப் பெயர்

காலை பத்து இருபதுக்கு அந்த நீலப் புள்ளி நின்றது.

புள்ளி என்றால் என் புருஷன் எவுதோமார்தான். லிமா நகரத்தில் சாப்பாட்டுப் பொட்டலங்களை முதுகில் சுமந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கொடுக்கிறவன். அவன் எங்கே போகிறான் என்று என் கைப்பேசி வரைபடத்தில் ஒரு புள்ளி காட்டும். நான் பஸ் நிறுத்தத்தில் பிளாஸ்க்கை வைத்துக் காபி விற்றுக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலை நேரத்தில் அவனோடு பேச முடியாது. வண்டியை ஓரங்கட்டிப் பேசினால், "ஏன் நிற்கிறீர்கள்?" என்று வேலை கொடுக்கிற ஆப் கேட்கும். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஒரு புள்ளியோடு குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

சுர்கியோ பேட்டைப் பக்கத்தில் ஒரு நாற்சந்தி. சிக்னலாக இருக்கும் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. எந்த ஊரில் ஐயா ஐந்து நிமிடம் சிவப்பு விளக்கு எரிகிறது? பன்னிரண்டு நிமிடம் ஆனதும் போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். காபி கேட்டு நின்ற ஆளுக்குக் கோப்பை நிறைந்து வழிகிற வரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். "ஏம்மா, பார்த்து ஊத்தக் கூடாதா?" என்று அவன் கத்தின பிறகுதான் தெரிந்தது.

அப்போது போன் அடித்தது. எவுதோமார் இல்லை. எல்மெர்.

"நோரெல்கிஸ், என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?" என்று கத்தினான். "நான் அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடக்கேனாம்! என் பொண்டாட்டிக்கு போன் வந்திருக்கு. அவ மயங்கி விழுந்துட்டா. நான் பக்கத்துல உக்காந்து ரொட்டி தின்னுட்டிருக்கேன்!"

எனக்குப் புரிந்துவிட்டது.

எல்மெர் யுபாங்கி இந்த ஊர்க்காரன். நாங்கள் வெனிசுலாவில் மரகைபோவிலிருந்து வந்தவர்கள். எங்கள் குடியேற்ற அட்டை காலாவதியாகிப் பதினெட்டு மாதம் ஆகிறது. அட்டை இல்லாதவனை ஆப் சேர்க்காது. அதனால் எல்மெரின் கணக்கை வாரத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்திருந்தோம். எங்களைப் போல எத்தனையோ பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். கணக்கு மட்டும் இருந்தால் போதாது, முகமும் வேண்டும். தினமும் காலை ஐந்து மணிக்கு எவுதோமார் எல்மெரின் வீட்டு வாசலில் போய் நிற்பான். எல்மெர் ஜட்டியோடு வந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே கைப்பேசிக்கு மூஞ்சியைக் காட்டுவான். "வணக்கம் எல்மெர், உங்களை அடையாளம் கண்டுகொண்டோம்" என்று ஆப் சொல்லும். எல்மெர் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வான். அவன் முகத்தை வாங்கிக்கொண்டு என் புருஷன் வேலைக்குப் போவான்.

முகம் காட்டினாலும் வாய் காட்டிக் கொடுத்துவிடுமே. பெரிய அடுக்குமாடிகளில் காவலாளி அடையாள அட்டை எண்ணைக் கேட்பான். எங்கள் மரகைபோ பேச்சோ தெருக்கோடிவரைக்கும் கேட்கும். வாயைத் திறந்ததும், "வெனெகோ வந்துட்டான்டா" என்று எங்கள் நாட்டுக்காரர்களுக்கு வைத்த கேலிப் பேரைச் சொல்லி இளிப்பார்கள். அதனால் நான்தான் அவனைத் தயார் பண்ணினேன். எங்கள் ஊர் அரேப்பா ரொட்டிக்கு மாவைத் தட்டிக்கொண்டே கேள்வி கேட்பேன். பேர் என்ன? எல்மெர் யுபாங்கி. ஊர்? ஹுவாங்காயோ. அம்மா? ஃபோர்துனாதா. அட்டை எண்? எட்டு இலக்கம், மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். தடுமாறினால் கரண்டியால் முழங்கையில் ஒரு போடு. "ஐயோ, என்னை விட்டுட்டு எல்மெரைக் கட்டிக்கடி" என்று சிரிப்பான். ஆறு மாதத்தில் இந்த ஊர்க்காரன் மாதிரியே மென்று மென்று பேசக் கற்றுக்கொண்டான். கொஞ்ச நாளாக வீட்டிலும் "எவுதோ" என்று கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பினான். வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டேன். எனக்கு அறிவு எங்கே போயிற்று?

"கேளும்மா," என்றான் எல்மெர் போனில். "என் பேர்லயே இருக்கட்டும். என் அரசாங்க இன்சூரன்ஸ்ல பார்த்துடுவாங்க. நீங்க வாயைத் திறந்தா நான் ஜெயிலுக்குப் போவேன், நீங்க எல்லைக்கு அந்தப் பக்கம் போவீங்க. நீங்க என் தங்கச்சின்னு சொல்லுங்க. புரிஞ்சுதா?"

புரிந்தது. பிளாஸ்க்குகளைப் பழக்காரியிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

அரசாங்க ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவு வாசலில், விபத்து வழக்குகளை எழுத ஒரு போலீஸ்காரன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். "எல்மெர் யுபாங்கிக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டாள் நர்ஸ். "தங்கச்சி," என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சு வெளியே வந்துவிடுமே.

தாழ்வாரத்திலேயே கட்டில். அதில் உட்கார்ந்திருந்தான். கன்னம் சிராய்ந்திருந்தது, நெற்றியில் கட்டு. ஆனால் உட்கார்ந்திருந்தான், உயிரோடு இருந்தான்! எங்கள் ஊர் சினித்தா மாதாவே, உனக்கு எத்தனை மெழுகுவத்தி வேண்டுமானாலும் ஏற்றுகிறேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கினேன்.

டாக்டர் சலாசார் என்று ஒரு இளம்பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். முந்தின நாளிலிருந்து தூங்கவில்லை போலிருந்தது. "ஹெல்மெட் ரெண்டா பிளந்திருக்கு," என்றாள் என்னிடம். பிறகு அவன் பக்கம் திரும்பி, "உங்க பேர் என்ன?" என்று கேட்டாள்.

"எல்மெர் யுபாங்கி, டாக்டர்."

"பிறந்த ஊர்?"

"ஹுவாங்காயோ."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியில."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்." அதோடு நிற்காமல் அட்டை எண்ணையும் கடகடவென்று ஒப்பித்தான். எட்டு இலக்கமும் சரி.

டாக்டர் சிரித்தேவிட்டாள். "எனக்கே என் நம்பர் இப்படி ஞாபகம் இருக்காது. நல்ல தெளிவா இருக்கார். ஸ்கேனுக்கு இருபது பேர் வரிசையில இருக்காங்கம்மா, தெளிவா இருக்கறவங்களை அனுப்ப முடியாது. பன்னிரண்டரை வரைக்கும் பார்த்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கில்லாடிப் பயல்! மண்டை உடைந்தும் வேஷம் கலையவில்லை பார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அவனைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவன் திரும்பக் கண்ணடிக்கவில்லை.

"நடிச்சது போதும்டா," என்றேன் மெல்ல. "தலை ரொம்ப வலிக்குதா?"

"கொஞ்சம் வலிக்குதுங்க மேடம்."

"மேடமா! திமிரைப் பாரு. வீட்டுக்கு வா, வெச்சுக்கறேன்."

"மன்னிச்சுக்குங்க மேடம். ஆர்டர் லேட்டாயிடுச்சு. உங்க வீடு நானூத்தி ரெண்டுதானே?"

போலீஸ்காரன் காதில் விழக் கூடாது என்று ஜாக்கிரதையாகப் பேசுகிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். போலீஸ்காரன் தூரத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். பக்கத்துக் கட்டில் கிழவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எவுதோமாரின் காதோடு வாயை வைத்து, எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டேன். "யாரும் இல்லடா. நாம ரெண்டு பேர்தான். உங்கம்மா பேரைச் சொல்லு."

"ஃபோர்துனாதா."

"அது எல்மெரோட அம்மாடா. உங்கம்மா. அனா தெலியா."

அவன் என்னை மரியாதையாகப் பார்த்தான். கதவைத் திறந்த வாடிக்கையாளரைப் பார்க்கிற பார்வை. "அவங்க யாருங்க?" என்றான்.

ஞாயிறு தவறாமல் மரகைபோவுக்குப் போன் போட்டு, "அம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு அழுகிறவன் இவன். யாருங்க என்று கேட்கிறான். அதுவும் எங்கள் பேச்சில் இல்லை. நான் கரண்டியால் அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்த அந்த மென்ற பேச்சில்.

"நான் யாருடா?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "நானூத்தி ரெண்டு," என்றான்.

அவனுடைய பொருள்களைப் போட்டுக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் பையில் கைப்பேசி துடித்தது. கண்ணாடி நொறுங்கியிருந்தது, ஆனால் அந்தச் சனியனுக்கு உயிர் இருந்தது. "எல்மெர், உங்கள் ஆர்டர் தாமதமாகிறது." "எல்மெர், வாடிக்கையாளர் காத்திருக்கிறார்." "எல்மெர், இன்றைய உங்கள் மதிப்பெண் குறைந்துவிட்டது." எழுதினேன்: விபத்து. ஆள் ஆஸ்பத்திரியில். உடனே பதில் வந்தது. "இதைக் கேட்டு வருந்துகிறோம், எல்மெர். உணவு நல்ல நிலையில் உள்ளதா?" நாசமாய்ப் போக! அதைச் சுவரில் அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை. எல்மெரின் கணக்கு அதில்தான் இருந்தது.

அந்த நேரம் எல்மெரே வந்து சேர்ந்தான். தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான். என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"போனைக் குடும்மா. கணக்கை நிறுத்திட்டாங்கன்னா உங்களுக்கும் சோறு இல்ல, எனக்கும் இல்ல."

"எல்மெர், அவனுக்கு என்னைத் தெரியல. அவன் யாருன்னே அவனுக்குத் தெரியல. நீதான்னு நினைச்சுட்டிருக்கான்."

"நல்லதாப் போச்சு. நடிக்க வேண்டாம்."

"வெளையாடாதய்யா! தலைக்குள்ள ஏதோ ஆயிருக்கு. டாக்டர்கிட்ட சொல்லணும்."

அவன் முகம் வெளுத்தது. "உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், வேண்டாம்மா. எங்க மாமாவைக் கழுதை உதைச்சுது, ரெண்டு நாள் உளறினாரு, அப்புறம் சரியாயிட்டாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வெச்சா தெளிஞ்சுடும். வாசல்ல போலீஸ் உக்காந்திருக்கான் பார்த்தீங்கல்ல? எனக்கு ரெண்டு பசங்கம்மா. நான் உள்ள போனா அதுங்களுக்கு யாரு?"

அவன் கெட்டவன் இல்லை. அவன் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது. அதுதான் என்னை அடக்கியது. நான் பயந்தாங்கொள்ளிதான், ஒப்புக்கொள்கிறேன். சொன்னால் அட்டை இல்லாததும் இன்சூரன்ஸ் மோசடியும் வெளியே வரும். எங்கள் இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால்? தூங்கி எழுந்து என்னை வழக்கம்போல "நோரே" என்று கூப்பிட்டாலும் கூப்பிடலாமே. டாக்டரே தெளிவாக இருக்கிறான் என்றுதானே சொன்னாள்? படித்தவள் சொல்கிறாள், காபி விற்கிறவள் எனக்கு என்ன தெரியும்? இப்படியே மனசுக்குள் நாற்பது நிமிடம் சமாதானம் சொல்லிக்கொண்டு நின்றேன். அந்த நாற்பது நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பன்னிரண்டரைக்கு நர்ஸ் காகிதத்தோடு வந்தாள். "எல்மெர் யுபாங்கியை அழைச்சிட்டுப் போறவங்க கையெழுத்து." பேனாவை வாங்கினேன். அதற்குள் எவுதோமார் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டான். செருப்பில்லாமல், ஒரு பக்கம் சாய்ந்தபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"எங்கடா போற?"

"ஆர்டர் நிக்குதுங்க," என்றான். முதுகில் இல்லாத பெட்டியின் வாரை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

பேனாவை விட்டெறிந்தேன். "டாக்டர்!" என்று நான் போட்ட கூச்சல் மரகைபோவுக்கே கேட்டிருக்கும். எல்லாத் தலையும் திரும்பியது. போலீஸ்காரன் எழுந்து நின்றான். டாக்டர் சலாசார் ஓடி வந்தாள்.

"இவன் எல்மெர் இல்ல! இவன் என் புருஷன். எவுதோமார்!"

"அம்மா, அமைதியா இருங்க. தங்கச்சின்னு எழுதியிருக்கு. அவர்கிட்ட எல்லாம் கேட்டேனே, எல்லாத்தையும் சரியா சொன்னாரு..."

"சரியா சொன்னதுதான் தப்பு டாக்டரம்மா! அது இன்னொருத்தன் பேரு. நான் சொல்லிக் கொடுத்தது. வேலைக்காக வாடகைக்கு வாங்கின பேரு. இப்ப அதுதான் அவன் மண்டைக்குள்ள இருக்கு, அவன் இல்ல!"

அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்தாள். பார்வையே சொல்லிற்று. எனக்கு ஏதோ மயக்க மருந்து கொடுக்க நர்ஸிடம் சொல்வாள் போலிருந்தது. தூணுக்குப் பின்னால் தொப்பி அசைந்தது. எல்மெர் ஓசைப்படாமல் கதவை நோக்கி நழுவிக்கொண்டிருந்தான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"எல்மெர் யுபாங்கி!"

கதவருகே தொப்பிக்காரன் சட்டென்று திரும்பினான். என் பக்கத்தில் சுவரைப் பிடித்து நின்றவனும் திரும்பி, "நான்தாங்க, சொல்லுங்க," என்றான்.

டாக்டர் இவனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இரண்டே நொடி. பிறகு எவுதோமாரின் கண் இமையைத் தூக்கி விளக்கடித்தாள். அவள் முகத்திலிருந்து களைப்பெல்லாம் போய்விட்டது. "ஸ்கேனுக்கு. இப்பவே. வரிசையெல்லாம் அப்புறம்," என்றாள். கட்டில் சக்கரத்தோடு நானும் ஓடினேன். பின்னால் போலீஸ்காரன் எல்மெரின் தோளில் கை வைப்பது தெரிந்தது. மன்னித்துக்கொள் எல்மெர் என்று சொல்லக்கூட நேரமில்லை.

மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. அன்றைக்கே திறந்து எடுத்தார்கள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தீங்கன்னா தூக்கத்துலயே போயிருப்பார்," என்றாள் டாக்டர் சலாசார். கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் பெரிய பயம். செத்துப்போவானோ என்பதில்லை. பிழைத்துவிடுவான் என்றுதான் டாக்டர் சொன்னாள். "எழுந்தா யாரா எழுந்திருப்பான்?" என்று கேட்டேன். "பார்க்கலாம்மா," என்றாள். பார்க்கலாமாம்! இரண்டு நாள் அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் மூச்சை எண்ணினேன். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, எவுதோமார், அனா தெலியாவின் மகன், மரகைபோ, ஏரிக்கரைத் தெரு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அதே பாடம்தான், இந்தத் தடவை அவனுடையது. நர்ஸ்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு போனார்கள். எல்மெரின் கணக்கை ஆப் மூடிவிட்டது என்று அவன் மனைவி போனில் சொல்லி அழுதாள், திட்டினாள். வாங்கிக்கொண்டேன். எல்மெரிடம் போலீஸில் வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம், வழக்கு இருக்கிறதாம்.

மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறந்தான். டாக்டர் சலாசாரைக் கூப்பிட்டேன். அறிக்கைக்குப் பெயர் வேண்டும் என்று போலீஸ்காரனும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து கட்டிலின் காலடியில் நின்றான்.

"சொல்லுங்க," என்றாள் டாக்டர் குனிந்து. "உங்க பேர் என்ன?"

அவன் கண் மெல்ல நகர்ந்தது. டாக்டரைப் பார்த்தது. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தது. என்னிடம் வந்து நின்றது. உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"நோரே," என்றான்.

போன உயிர் திரும்பி வந்தது. எங்கள் ஊர்க் குரல்! அவன் கன்னத்தில் என் கன்னத்தை வைத்துக்கொண்டேன். என் கண்ணீர் அவன் காதில் வழிந்தது. அவன் என் காதோடு, மற்றவர்களுக்குக் கேட்காமல், "எந்தப் பேரைச் சொல்லணும்?" என்றான்.

"உன் பேரைச் சொல்லுடா," என்றேன். போலீஸ்காரன் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

அவன் என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கண்ணில் அப்படி ஒரு பயம்.

"சொன்னா வேலை போயிடுமே, நோரே," என்றான்.